மனநலத்துக்குச் சாதி இல்லை என்று யார் சொன்னது?

அக்டோபர் 10 வந்தால் போதும். உலக மனநல நாள் பேரணி, கல்லூரி அரங்கில் கருத்தரங்கு, "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று ஒரு பதாகை. அறிவுரை எல்லாம் பேச வேண்டியவர்களுக்குத்தான். அந்தப் பேச்சை உட்கார்ந்து கேட்கிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன சம்பளம், ஒரு நாளைக்கு எத்தனை பேரைக் கேட்கிறார்கள், கேட்டு முடித்தபின் அவர்கள் யாரிடம் போய்ப் பேசுகிறார்கள் என்று எந்த மேடையிலும் ஒரு வார்த்தை வராது.

மாவட்ட மனநலத் திட்டத்தின் ஒப்பந்தப் பணியாளர், ஒருங்கிணைந்த சேவை மையத்தில் அடிபட்டு வரும் பெண்களைச் சந்திக்கும் ஆலோசகர், குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆற்றுப்படுத்துநர், எச்.ஐ.வி. கவுன்சிலர், தொண்டு நிறுவனக் களப்பணியாளர். தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் சேரிகளிலும் மனநலப் பணி என்று ஒன்று நடக்கிறதென்றால் இவர்கள் தோளில்தான் நடக்கிறது. என்னோடு களத்தில் நிற்பவர்களில் நம் வீட்டுப் பெண்கள்தான் அதிகம். முதல் தலைமுறைப் பட்டதாரிகள். இவர்களுக்கென்று ஒரு சங்கம் இல்லை, ஆலோசனை கேட்க ஒரு மூத்தவர் இல்லை, தமிழில் ஒரு கையேடு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. "மனநலத்துக்குச் சாதி இல்லை" என்று மேடையில் சொல்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை, தோழர்களே. தெரிந்தால் செலவு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18-வது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. பாகுபாடு காட்டக் கூடாத அடிப்படைகளின் பட்டியலில் சாதி என்ற சொல்லும் இருக்கிறது. ஆக, மனநலத்தில் சாதி நுழையும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கருத்தரங்கில் பேசுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

அதே சட்டத்தின் 31-வது பிரிவு, மக்கள் தொகைக்கு ஏற்ப மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையை உலக அளவில் ஏற்கப்பட்ட அளவுக்குக் கொண்டுவர பத்தாண்டு கெடு வைத்தது. கணக்குப்படி 2028 மே மாதத்தோடு கெடு முடிகிறது. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர். குறைந்தது 3 பேர் வேண்டும். நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் எடுத்துவைத்த கணக்கு இது. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் 24.6 லட்சம் மக்கள். ஏறத்தாழ 23 சதவீதம் பட்டியல் சாதியினர். மேலே ஜவ்வாது மலையில் பழங்குடி மக்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் விதிமுறைப்படி ஒரு மாவட்டக் குழுவுக்கு ஒரு மனநல மருத்துவர், ஒரு மருத்துவ உளவியலாளர், ஒரு மனநலச் சமூகப் பணியாளர், ஒரு செவிலியர். செங்கத்துக்கும் செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் ஜமுனாமரத்தூருக்கும் சேர்த்து ஒரே ஒரு சமூகப் பணியாளர்! எல்லா இடமும் நிரம்பி இருந்தாலே நிலைமை இதுதான். மிச்ச வேலையைச் செய்வது பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்.

பெயர் ஏன் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். சட்டத்தின்படி 'மனநலச் சமூகப் பணியாளர்' என்றால் சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் முடித்து, அதற்குமேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படித்திருக்க வேண்டும். நான் படித்தது சமூகவியல் எம்.ஏ. அந்த வரையறைக்குள் நான் வரமாட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தீவிர மனநோய்க்குச் சிகிச்சை தருபவருக்குக் கடுமையான பயிற்சி வேண்டும் என்பதில் எந்த மறுப்பும் இல்லை. கேள்வி வேறு. அந்தப் பயிற்சிக்குப் போகும் கதவு யாருக்குத் திறக்கிறது? பி.ஏ. முடித்ததும் வீட்டுக் கடனைக் கட்டத் தொடங்கும் பிள்ளை, முதுகலைக்குப் பிறகும் சம்பளம் இல்லாமல் இரண்டு வருடம் சென்னையிலோ பெங்களூருவிலோ விடுதியில் இருக்க முடியுமா? இடங்களோ மிகக் குறைவு. தனியார் நிறுவனம் என்றால் கட்டணம் லட்சத்தில். அதற்குள் யு.ஜி.சி. 2022 விதிமுறையில் எம்.ஃபில். படிப்பையே எடுத்துவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு கொடுத்தது. கதவு நமக்குத் திறப்பதற்குள் கதவையே மாற்றுகிறார்கள். புதிய கதவின் கட்டணம் என்ன, இடஒதுக்கீடு உண்டா, உதவித்தொகை உண்டா என்று இப்போதே கேட்காவிட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை.

கேட்பவருக்கு என்ன ஆகிறது?

2023 ஜனவரி 30 அன்று தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தார்கள். எண்பது ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில், காவல்துறைப் பாதுகாப்போடு. ஊடகங்கள் வந்தன, படம் எடுத்தன, போயின. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். இப்படி ஒரு நாளுக்குப் பிறகு ஊரும் சேரியும் முறைத்துக்கொண்டு நிற்கும்போது, அடுத்த திங்கட்கிழமை அதே தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் மனசைப் பார்க்க அரசிடம் எந்தத் துறையில் ஆள் இருக்கிறது? பாதுகாப்புக்கு போலீஸ் வேன் வருகிறது. பயத்தைக் கேட்க யார் வருகிறார்கள்?

வருவது களப்பணியாளர்தான். அவளும் பக்கத்துச் சேரிதான். அவளும் அதே நகரப் பேருந்தில்தான் வந்து இறங்குகிறாள். எதிரில் இருக்கும் பெண் சொல்லும் அவமானம் இவளுக்குக் கேள்விப்பட்ட கதை அல்ல. போன வருடம் தன் தம்பிக்கு நடந்தது. பாடப்புத்தகம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. வந்தவரின் வலி ஆலோசகரின் சொந்த உணர்ச்சியைத் தொட்டுவிடுவது. அதைக் கவனித்து, ஒரு மூத்தவரிடம் பேசித் தெளிய வேண்டும் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. அப்படிப் பேசித் தெளிவதற்கான ஏற்பாட்டுக்குத்தான் சூப்பர்விஷன் என்று பெயர். நம் ஊரில் சூப்பர்விஷன் என்றால் வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பது, மாத இலக்கு ஏன் குறைந்தது என்று திட்டுவது. தொழில்முறை சூப்பர்விஷன் என்பது வேறு. "இந்த வாரம் ஒரு பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை, நான் சரியாகத்தான் செய்தேனா" என்று வேலைக்கு ஆபத்து இல்லாமல் கேட்கக்கூடிய இடம் அது.

பெருநகரத்தில் பணம் இருக்கிற ஆலோசகர் அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார். மணிக்கணக்குக்குக் கட்டணம், ஆங்கிலத்தில் உரையாடல். பயிலரங்குகளும் அப்படியே. சரி, எப்படியோ கடன் வாங்கி ஒருத்தி உள்ளே போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "என்னிடம் வந்தவர் முதலில் என் ஊர்ப் பெயரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார், அடுத்த வாரம் வரவில்லை" என்று சொன்னால் அங்கே என்ன பதில் கிடைக்கும்? "நீங்கள் அதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்கிறீர்கள்." சாதியைச் சொன்னவளின் மனசில்தான் கோளாறு என்று முடித்துவிடுவார்கள்.

நான் போன ஒரு பயிலரங்கைச் சொல்ல வேண்டும். நடத்திய நிறுவனத்தின் பெயர் வேண்டாம். களப்பணியாளர்களுக்கான 'சுய பராமரிப்பு' பயிற்சி. கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். தினமும் இரவு நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை எழுதச் சொன்னார்கள். மூன்று மாதம் சம்பளம் வராத ஒரு தோழி எழுந்து, "மேடம், எதுக்கு நன்றி எழுதறது?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. பயிற்சியாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

மூச்சுப் பயிற்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை. உலகம் முழுவதிலிருந்தும் மன அமைதி தேடி வந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றும் ஊர் இது. மூச்சுக்கும் தியானத்துக்கும் இங்கே பஞ்சமே இல்லை. பஞ்சம் எல்லாம் சம்பளத்துக்கும், விடுப்புக்கும், பேச ஒரு இடத்துக்கும்தான். நிர்வாகம் செய்ய வேண்டியதைச் செய்யாமல், பாரத்தைத் தொழிலாளியின் நுரையீரலில் ஏற்றுவதற்குச் சுய பராமரிப்பு என்று பெயர் வைத்தால் அதை ஏற்க முடியாது.

மலிவு என்று நினைத்தவர்கள் மறைப்பது

"மருத்துவர்கள் போதாது, எனவே சாதாரண மக்களுக்கே பயிற்சி கொடுத்து ஆலோசகராக்கலாம்" என்ற யோசனை இப்போது அரசுக்கும் நிதி தருபவர்களுக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறது. இரண்டு சான்றுகளைக் காட்டுவார்கள். ஒன்று, ஜிம்பாப்வேயின் 'நட்பு பெஞ்சு'. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கியது. சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற பாட்டிகள். 2016-இல் வெளியான ஆய்வு அது வேலை செய்கிறது என்று நிரூபித்தது. இன்னொன்று, கோவாவின் சங்காத் அமைப்பு. அங்கே மருத்துவர் அல்லாத ஆலோசகர்கள் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு உதவ முடியும் என்று காட்டினார்கள்.

இரண்டும் உண்மை. நானும் கைதட்டுகிறேன். ஆனால் நம் அதிகாரிகள் இந்தக் கதையில் பாதியைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பாட்டிகளைப் பயிற்சி முடிந்ததும் பெஞ்சில் தனியாக விட்டுவிடவில்லை; அவர்களுக்குத் தொடர்ந்து சூப்பர்விஷன் இருந்தது. கோவாவில் ஆலோசகர்கள் குழுவாக உட்கார்ந்து, ஒருவர் நடத்திய உரையாடலின் ஒலிப்பதிவை மற்றவர்கள் கேட்டு மதிப்பிட்டார்கள். சக பணியாளர்களே ஒருவருக்கொருவர் சூப்பர்வைசர் ஆக முடியும் என்று அந்த அனுபவம் காட்டியது. அதாவது அந்தத் திட்டங்களின் முதுகெலும்பே கேட்பவரைக் கேட்கும் ஏற்பாடுதான். இங்கே முதுகெலும்பை உருவிவிட்டுச் சதையை மட்டும் இறக்குமதி செய்கிறார்கள். ஐந்து நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு பேரேடு, போய் வேலை செய். இதற்குப் பெயர் சமூக மனநலம் இல்லை. குறைந்த கூலிக்குத் தலித் பெண்ணின் உழைப்பு.

"தனி அமைப்பு பிரிவினை ஆகாதா?"

கட்டாயம் இந்தக் கேள்வி வரும். "மனநலப் பணியிலும் சாதியைக் கொண்டுவர வேண்டுமா? எல்லோருக்கும் பொதுவான சங்கங்கள் இருக்கின்றனவே?"

1968-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாடு சான் பிரான்சிஸ்கோவில் நடந்தபோது, கறுப்பின உளவியலாளர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். தங்கள் மக்களின் மனசைப் படிக்க வெள்ளைக்காரர் எழுதிய அளவுகோல் போதாது என்றார்கள். கறுப்பின மாணவர்களுக்கு உளவியல் துறையில் இடம் கேட்டார்கள். அப்போது அவர்களையும் பிரிவினை பேசுவதாகத்தான் சொன்னார்கள். 2021 அக்டோபரில் அதே அமெரிக்க உளவியல் சங்கம், இனவெறியை வளர்த்ததில் தன் பங்குக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. ஐம்பத்து மூன்று வருடம்! தனியாக நின்று பேசியவர்கள் இருந்ததால்தான் அந்த மன்னிப்பாவது வந்தது.

நம் மண்ணிலும் முன்னோடி உண்டு. அயோத்திதாசர் ஒரு சித்த மருத்துவர். வைத்தியம் பார்த்துக்கொண்டேதான் 1891-இல் திராவிட மகாஜன சபையையும், 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தையும், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார். நோயாளியைப் பார்ப்பதும் சங்கம் கட்டுவதும் அவருக்கு இரண்டு வேலையாகத் தெரியவில்லை. இன்று 'தி ப்ளூ டான்' போன்ற முயற்சிகள் வெகுஜன் மக்களுக்குச் சாதி புரிந்த ஆலோசகர்களைக் கொண்டு சேர்க்கப் பாடுபடுகின்றன. ஆங்கிலமும் இணையமும் கைவந்த நகர்ப்புற மாணவர் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். கீழ்பென்னாத்தூரிலும் போளூரிலும் இருக்கும் களப்பணியாளருக்கு அது எப்போது தமிழில் வரும்? நாம் கட்டினால்தான் வரும்.

இயக்கத்துக்குள்ளும் ஒரு சண்டை இருக்கிறது. "போராளிக்கு என்ன மன அழுத்தம்? மேட்டுக்குடி வியாதி" என்று சொல்லும் அண்ணன்கள் நம்மிடமும் உண்டு. அண்ணே, 2016-இல் ரோஹித் வெமுலாவை இழந்தோம், 2019-இல் மருத்துவர் பாயல் தத்வியை இழந்தோம். ஒவ்வொரு முறையும் சுவரொட்டி ஒட்டினோம். சுவரொட்டி ஒட்டிய பிள்ளைகள் அன்று இரவு எப்படி இருந்தார்கள் என்று கேட்டோமா? வன்கொடுமை நடந்த இடத்துக்கு உண்மை அறியும் குழுவாகப் போய், உடலையும் பார்த்து, தாயின் அழுகையையும் கேட்டு, விடியும் முன் அறிக்கை எழுதும் தோழருக்கு நாம் கொடுப்பது ஒரு டீயும் ஒரு சிகரெட்டும். நிறைய பேர் குடியில் போய் விழுகிறார்கள், சிலர் இயக்கத்தை விட்டே போகிறார்கள். "ஓடிப்போனான்" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த கூட்டத்துக்குப் போகிறோம். அவர்களைச் சுமந்திருக்க வேண்டியது இயக்கம்.

இப்போது ஏன் அவசரம்?

வேலைகள் வரப்போகின்றன. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், மனநலம் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியான ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனும் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் பணியிடம் வேண்டும் என்றது. 2021-இன் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் சமூகப் பணியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்த இருக்கைகளில் யார் உட்காரப்போகிறார்கள்? கையில் கயிறு கட்டி வரும் மாணவனிடமும், அந்தக் கயிற்றைப் பார்த்துப் பயப்படும் மாணவனிடமும் சாதியைப் பற்றிப் பேசத் தெரிந்தவரா? "இதெல்லாம் வயசுக் கோளாறு" என்று அனுப்பிவைப்பவரா?

எனவே அரசிடம் நம் கோரிக்கைகள் இவை. மாவட்ட மனநலத் திட்டத்திலும் குழந்தைகள், பெண்கள் பாதுகாப்புத் திட்டங்களிலும் உள்ள ஒப்பந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்கு. மாதம் இருமுறை சூப்பர்விஷனை வேலை நேரத்துக்குள், ஊதியத்தோடு கொடு. பயிற்சிப் பாடத்தில் சாதியை ஒரு பக்கக் குறிப்பாக வைக்காமல் தனிப் பாடமாக வை. மனநலப் படிப்புகளில் இடஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை நிரம்பின என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த இரண்டாண்டுக்கு வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான உதவித்தொகை கொடு. 2013 முதல் திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மனநலத் துறை மாவட்டக் களப்பணியாளர்களுக்கு மாதம் ஒரு நாள் கதவைத் திறக்கட்டும்.

அரசு தரும்வரை சும்மா இருக்கப்போவதில்லை. ஆறு முதல் எட்டுப் பேர் போதும். மாதம் இருமுறை இரண்டு மணி நேரம். திருவண்ணாமலையில் என்றால் பௌர்ணமி இல்லாத நாளாகப் பாருங்கள், பஸ்ஸும் கிடைக்கும், இடமும் கிடைக்கும். விதி நான்கு. வந்தவரின் பெயரும் ஊரும் வட்டத்துக்குள்ளும் சொல்லக் கூடாது. ஒருவர் பேசும்போது அறிவுரை கூடாது, கேள்வி கேட்கலாம். சாதி என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்தலாம். நம் கைக்கு மீறிய நிலை என்றால், தற்கொலை எண்ணமோ தீவிர மனநோயோ தெரிந்தால், அன்றே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். நாம் மருத்துவர் ஆக முயலக் கூடாது. அரசு மருத்துவமனை, டெலி மானஸ் 14416, வன்கொடுமை வழக்கு நடத்தும் வழக்கறிஞர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று ஒரு பக்கப் பட்டியலை ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். ஆங்கிலம் தெரிந்த மாணவர்கள் மாதம் ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக் கொடுங்கள். உளவியலும் சமூகப் பணியும் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் முதுகலை ஆய்வை இந்தப் பணியாளர்களைப் பற்றிச் செய்யுங்கள்.

சங்கம் என்றால் கொடியும் லெட்டர்பேடும் மட்டும் இல்லை. நாள் முழுக்க ஊரின் வலியைக் கேட்டுவிட்டு வரும் ஒருத்தியிடம், "சொல்லுக்கா, இன்னைக்கு உனக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்க ஆறு பேர் இருப்பதும் சங்கம்தான். முதல் வட்டத்தை நம் மாவட்டத்தில் தொடங்குவோம்.

ஜெய் பீம்.